நெஞ்சில் இடித்த ஒலி: பழைய ராக் கச்சேரிகளின் மைக் செட் கதை

1960களின் கடைசியிலும் 70களிலும் அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ராக் கச்சேரிகளுக்குப் போனவர்கள் இப்போது எழுபதை நெருங்கிவிட்டார்கள், பலர் தாண்டியும் விட்டார்கள். அந்த இரவுகளைப் பற்றி அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்பதெல்லாம் குழம்பிப் போயிருக்கும். ஒலி மட்டும் மறந்திருக்காது. டிரம்ஸ் அடி நெஞ்செலும்பில் வந்து இடித்தது, கிதார் முழக்கத்தில் சட்டை படபடத்தது, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்பார்கள். கூடவே, அந்த ஒலி இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு பெருமூச்சும் வரும்.

அந்தப் பெருமூச்சில் பாதி உண்மை, பாதி இளமையின் மயக்கம். எது எந்தப் பாதி என்று தெரிய வேண்டுமானால், பாடகர்களையும் கிதார் கலைஞர்களையும் சற்று நேரம் விட்டுவிட்டு, மேடையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்க்க வேண்டும். நம் ஊர்த் திருவிழாவில் மைக் செட் என்கிறோமே, அடிப்படையில் அதே சமாசாரம்தான். மைக் ஒலியை மெல்லிய மின்சமிக்ஞையாக மாற்றுகிறது, ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்குகிறது, ஸ்பீக்கர் அதை மறுபடி ஒலியாக்குகிறது. ராக் இசை பெருங்கூட்டத்தை இழுக்கத் தொடங்கியபோது அந்தக் கூட்டத்துக்கு ஈடுகொடுக்கும் மைக் செட் எங்கும் இல்லை. 1965க்கும் 1974க்கும் இடையில், ஏறத்தாழப் பத்தே ஆண்டுகளில், அதைப் பலரும் தட்டுத் தடுமாறிக் கட்டி எழுப்பினார்கள்.

யாருக்குமே கேட்காத கச்சேரி

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தார்கள். அது பேஸ்பால் மைதானம். வந்தவர்கள் சுமார் 55,600 பேர். அந்தக் கூட்டத்துக்காகவே வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர்களைக் கொண்டுவந்திருந்தார்கள். அன்றைய நிலையில் அது பெரிய சங்கதி. ஆனால் பாடும் குரல்கள், பேஸ்பால் ஆட்டத்தில் வீரர்களின் பெயரை அறிவிக்க மைதானத்தில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கிகள் வழியாகத்தான் போயின. அரை மணி நேரக் கச்சேரி முழுவதும் ரசிகர்கள் ஓயாமல் அலறினார்கள். கூட்டத்துக்குப் பாட்டு கேட்கவில்லை, பாடியவர்களுக்கும் தங்கள் குரல் கேட்கவில்லை. அந்த நாள்களில் மற்ற மூவரின் உடல் அசைவைப் பார்த்தே தாளம் பிடித்ததாக டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் வாசித்ததோடு பீட்டில்ஸ் கச்சேரிப் பயணத்தையே நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காத சலிப்பு அவற்றில் முக்கியமான ஒன்று.

100 வாட்ஸ் ஏன் போதவில்லை? இங்கே கொஞ்சம் கணக்கு தேவைப்படுகிறது. ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்கிறோம். அதன் குணம் விசித்திரமானது. ஆம்ப்ளிஃபையரின் சக்தியைப் பத்து மடங்காக்கினால் டெசிபல் பத்துதான் கூடும், நம் காதுக்கோ அது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாக மட்டுமே படும். அதாவது 100 வாட்ஸை விட இரு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் 200 போதாது, 1,000 வாட்ஸ் வேண்டும். அதற்கும் இரு மடங்கு என்றால் 10,000. இது போதாதென்று, திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறைகிறது. ஸ்பீக்கரிலிருந்து 5 மீட்டரில் 110 டெசிபல் இருந்தால், 10 மீட்டரில் 104, 20 மீட்டரில் 98, 40 மீட்டரில் 92, 80 மீட்டரில் 86 என்று சரிந்துகொண்டே போகும். அந்த 80ஆவது மீட்டரில் உட்கார்ந்திருப்பவரின் பக்கத்து இருக்கையில் ஒரு பதினைந்து வயதுப் பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள். ஜெயிப்பது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கிதார் முந்திக்கொண்டது

முதலில் தீர்வு கண்டவர்கள் கிதார் கலைஞர்கள். லண்டனின் மேற்குப் பகுதியில் ஹான்வெல் என்ற இடத்தில் ஜிம் மார்ஷல் என்பவர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அவர் அடிப்படையில் டிரம்ஸ் ஆசிரியர். கடைக்கு வந்த இளைஞர்கள் அமெரிக்க ஆம்ப்ளிஃபையர்கள் விலை அதிகம் என்று புலம்பவே, ஃபெண்டர் நிறுவனத்தின் பாஸ்மேன் மாதிரியை முன்னால் வைத்துக்கொண்டு, அதே போன்ற ஒன்றை 1962இல் தன் ஆள்களை வைத்துச் செய்தார். பிறகு தி ஹூ என்ற ராக் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்டும், பாஸ் கிதார் வாசித்த ஜான் என்ட்விசிலும் வந்து இன்னும் சத்தம் வேண்டும் என்றார்கள். அப்படிப் பிறந்தது மார்ஷலின் 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையர். அதற்காக டவுன்ஷெண்ட் எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட ஒரே பெட்டியைக் கேட்டு வாங்கினார். அதைத் தூக்க வேண்டிய ஆள்கள் முதுகு ஒடிகிறது என்று முறையிட, பெட்டியை நான்கு நான்கு ஸ்பீக்கராக இரண்டாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ராக் மேடை என்றதும் கண்முன் வரும் அந்தக் கறுப்புப் பெட்டி அடுக்கு, சுமை தூக்குபவர்களின் முதுகு வலியில் பிறந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1966இல் லண்டன் வந்த அமெரிக்கக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அதே பெட்டிகளைத் தேடிப் போனார். அவருடைய டிரம்ஸ் கலைஞர் மிட்ச் மிட்செல் முன்பு மார்ஷல் கடையில் வேலை பார்த்தவர்.

அந்தக் கால ஆம்ப்ளிஃபையர்கள் வால்வு என்ற கண்ணாடிக் குழாய்களால் இயங்கின; அவற்றை எல்லைக்கு மேல் முறுக்கினால் ஒரு விளைவு உண்டு. சமிக்ஞை இனி மேலே ஏற இடமில்லாமல் போகிறது, அலையின் உச்சி சீவியதுபோல் தட்டையாகிறது. அப்படித் தட்டையான அலையில், வாசித்த சுரத்தோடு அதன் மேல்சுரங்களும் புதிதாகச் சேர்ந்துகொள்கின்றன. கரகரப்பும் கனமும் கொண்ட ராக் கிதாரின் குரல் அதுதான். பொறியாளர் பார்வையில் இது பழுது. கலைஞர்கள் அந்தப் பழுதையே வேண்டும் என்று கேட்டார்கள்.

இன்னொரு பழுதும் இப்படி இசையானது. மைக் செட்டில் மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோனால் கூவென்று ஊளையிடும், தெரியும்தானே? ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மறுபடி மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் வரும் ஊளை அது. கிதாரை ஸ்பீக்கர் அடுக்குக்கு எதிரே நிறுத்தினால், ஒலியின் தாக்கத்தில் தந்தி தானாகவே அதிர்ந்து இதே சுழற்சி உண்டாகிறது. எங்கே நிற்கிறோம், கிதாரை எந்தக் கோணத்தில் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து அந்த ஊளையின் சுரமே மாறும். ஹென்ட்ரிக்ஸ் மேடையில் ஓரடி முன்னும் ஓரடி பின்னும் நகர்ந்துகொண்டிருந்ததில் நடனம் கொஞ்சம்தான், சுரம் தேடுவது அதிகம்.

குரலுக்கு ஒரு வழி

கிதார் இப்படி முழங்க, பாடகரின் குரல் அடியில் நசுங்கியது. குரலைத் தனியாகப் பெருக்கும் வேலையை இங்கிலாந்தில் கையில் எடுத்தவர் சார்லி வாட்கின்ஸ். 1967இல் விண்ட்சரில் நடந்த ஜாஸ் மற்றும் புளூஸ் விழாவில் அவருடைய வெம் நிறுவனம் 1,000 வாட்ஸ் மைக் செட்டை நிறுவியது. பல ஆம்ப்ளிஃபையர்களைச் சங்கிலிபோலக் கோத்து, எல்லாவற்றையும் ஒரே மிக்ஸரிலிருந்து, அதாவது பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவியிலிருந்து, ஓட்டுவது அவருடைய உத்தி. அக்கம்பக்கத்தார் கொதித்துப் போனார்கள்.

அமெரிக்காவில் அதே வேலையைச் செய்தவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த பில் ஹான்லி. 1969 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய உட்ஸ்டாக் விழாவுக்கு ஒலி அமைத்தவர் அவரே. நியூயார்க் மாநிலத்தின் பெத்தேலில் ஒரு பால் பண்ணையின் சரிவான நிலம். அங்கே சுமார் 70 அடி உயரச் சாரக் கோபுரங்களில் ஸ்பீக்கர்களை ஏற்றினார். உயரத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தரையில் வைத்த ஸ்பீக்கரின் ஒலியை முன்வரிசையில் நிற்பவர்களின் உடல்களே உறிஞ்சிவிடும், மேலிருந்து அனுப்பினால் அது தலைகளைத் தாண்டிச் சரிவின் கடைசி வரை போகும். இரண்டு லட்சம் பேர் வரை எதிர்பார்த்துச் செய்த ஏற்பாடு அது, வந்ததோ நான்கு லட்சத்துக்கு மேல். முதல் நாள் இரவு மழையில் ரவிசங்கர் சித்தார் வாசித்ததும் இந்த ஸ்பீக்கர்கள் வழியாகத்தான்.

இதற்கிடையில் சத்தமில்லாமல் நடந்த இன்னொரு மாற்றம், மேடையில் இருப்பவர்களை நோக்கித் திருப்பி வைத்த மானிட்டர் ஸ்பீக்கர்கள். ரிங்கோவின் சிக்கலுக்கு அதுதான் மருந்து. 60களின் முடிவில் அது பரவலானது. பெருஞ்சத்தக் கச்சேரிகளில் பல குரல்கள் சேர்ந்து சுருதி விலகாமல் பாடுவது அதற்குப் பிறகுதான் எளிதானது.

தாமதப்படுத்த வேண்டிய ஒலி

கூட்டம் பெருகப் பெருகப் புதிய தலைவலி ஒன்று வந்தது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேடையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, டிரம்ஸ் குச்சி இறங்கி அரை நொடி கழித்தே அடி கேட்கும். அவருக்குச் சத்தம் போதவில்லை என்று பக்கத்திலேயே ஒரு ஸ்பீக்கரை வைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மின்சமிக்ஞை கம்பியில் கண்ணிமைப்பதற்குள் வந்துவிடுவதால் பக்கத்து ஸ்பீக்கர் முதலில் அடிக்கும், மேடையின் ஒலி அரை நொடி கழித்து எதிரொலியாக வந்து சேரும். பாட்டு கஞ்சியாகிவிடும்.

1973 ஜூலை 28 அன்று நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் கிளென் கார் பந்தயத் திடலில் இதற்கு விடை கண்டார்கள். ஆல்மன் பிரதர்ஸ், கிரேட்ஃபுல் டெட், தி பேண்ட் என்று மூன்றே குழுக்கள். கூட்டம் 6 லட்சம் என்று மதிப்பிட்டார்கள். திடலின் உள்பகுதியில் சுமார் 60 மீட்டருக்கு ஒன்றாக ஸ்பீக்கர் கோபுரங்களை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் போகும் சமிக்ஞையை டிஜிட்டல் கருவி ஒன்றில் வேண்டுமென்றே பிடித்து வைத்து அனுப்பினார்கள். முதல் கோபுரத்துக்கு நொடியில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அடுத்ததற்கு அதன் இரு மடங்கு. மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலி கோபுரத்தைத் தொடும் அதே கணத்தில் கோபுரமும் முழங்கும். இன்று எந்தப் பெரிய திறந்தவெளிக் கச்சேரிக்குப் போனாலும் கூட்டத்தின் நடுவே ஸ்பீக்கர் கோபுரம் நிற்பதைப் பார்க்கலாம். அதன் வேலை இதுதான்.

ஒலிச்சுவர்

இந்தப் பத்தாண்டின் உச்சமும் பைத்தியக்காரத்தனமும் ஒன்றாகச் சேர்ந்தது கிரேட்ஃபுல் டெட் குழு கட்டிய ஒலிச்சுவரில். அதன் மூளை ஆவ்ஸ்லி ஸ்டான்லி என்ற விசித்திர மனிதர். போதை மாத்திரை தயாரித்துச் சிறைக்குப் போனவர், ஒலி விஷயத்தில் மட்டும் கறாரான சுத்தக்காரர். அவர் முன்வைத்த யோசனை எளிமையானது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் அடுக்கு, அனைத்தும் குழுவுக்குப் பின்னால் ஒரே சுவராக நிற்கும், ரசிகர் கேட்பதையே வாசிப்பவரும் கேட்பார். கிதாரும் குரலும் ஒரே ஸ்பீக்கரில் முட்டி மோதாது என்பதால் ஒலி தெளிவாக இருக்கும். 1973 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்டில் இதன் முன்னோடி ஒன்றைச் சோதித்தபோது, முதல் பாட்டிலேயே உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்கள் எல்லாம் எரிந்துபோயின. அசரவில்லை. 1974 மார்ச் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய கௌ பேலஸ் அரங்கில் முழுச்சுவரும் எழுந்தது. ஏறத்தாழ 600 ஸ்பீக்கர்கள், 26,000 வாட்ஸுக்கு மேல், எடை 75 டன். பாஸ் கிதாரின் நான்கு தந்திகளுக்கும் நான்கு தனி அடுக்குகளில் ஒலி பிரித்து அனுப்பும் வசதியும் இருந்தது.

சுவர் பின்னால் இருக்கிறது, பாடகரின் மைக் அதற்கு நேர் எதிரே இருக்கிறது. முன்பு பார்த்த ஊளை ஏன் வரவில்லை? இதற்கு அவர்கள் கண்ட வழி அபாரமானது. ஒவ்வொரு பாடகருக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மைக், இடையே சில சென்டிமீட்டர்தான். இரண்டின் கம்பிகளையும் எதிரெதிராக இணைத்தார்கள். ஒன்று கூட்டல் என்றால் மற்றது கழித்தல். சுவரின் முழக்கம் தூரத்திலிருந்து வருவதால் இரண்டு மைக்கிலும் ஒரே அளவில் விழும், ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். பாடகரின் உதடு மேல் மைக்கோடு ஒட்டியிருப்பதால் குரல் அதில் மட்டும் பலமாக விழும், கழிபடாமல் தப்பிக்கும். அதற்குக் கொடுத்த விலை, குரல் சற்று மெலிந்து ஒலித்தது. அந்த ஆண்டின் பதிவுகளில் கருவிகள் ஒவ்வொன்றும் கண்ணாடி போலத் தெளிவு, பாட்டுக் குரலில் மட்டும் சதைப்பற்று குறைவு.

75 டன் பாரத்தை ஊர் ஊராகத் தூக்கிப் போவதும் கட்டிப் பிரிப்பதும் குழுவைத் திவாலின் விளிம்புக்குத் தள்ளின. ஒரு மேடையில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு மேடை எழ வேண்டியிருந்தது. அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்ட் அரங்கில் ஐந்து இரவுகள் வாசித்துவிட்டுக் குழு ஓய்வுக்குப் போனது. சுவரும் அத்தோடு முடிந்தது.

நெஞ்சும் காதும்

அந்த இடி ஏன் நெஞ்சில் விழுந்தது? பாஸ் டிரம்மின் ஒலி 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான, அதாவது நொடிக்கு 50 முதல் 100 முறை அதிரும், தாழ்ந்த அதிர்வு. 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதைப் பலமாகக் கிளப்ப 15 அங்குல ஸ்பீக்கர்களும் ஆளுயரப் பெட்டிகளும் வேண்டும். அந்த அளவு காற்றைத் தள்ளினால் காதோடு நெஞ்சுக்கூடும் வயிறும் சேர்ந்து அதிரும். சாதாரண வீட்டு ஸ்டீரியோவுக்கு இந்தக் காற்றைத் தள்ளும் பலம் இல்லை. பழையவர்கள் சொல்வதில் இந்தப் பகுதி அப்பட்டமான உண்மை.

காதில் நின்ற ரீங்காரம் பெருமைப்பட வேண்டிய விஷயம் அல்ல. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 100 டெசிபலில் அது வெறும் 15 நிமிடம். 1976 மே மாதம் லண்டனின் சார்ல்டனில் தி ஹூ வாசித்தபோது 32 மீட்டர் தள்ளி 126 டெசிபல் பதிவானதாகக் கின்னஸ் புத்தகம் பட்டமே கொடுத்தது. காதுக்கு ஆபத்தான போட்டியை ஊக்குவிக்கக் கூடாது என்று பின்னர் அந்தப் பிரிவையே கைவிட்டது. காதின் உள்ளே ஒலியை உணரும் மயிரிழை உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. டவுன்ஷெண்டே பிற்காலத்தில் செவித்திறன் குறைந்து, காது இரைச்சலால் அவதிப்பட்டார்.

பெருமூச்சின் மயக்கப் பாதி மைதானங்களைப் பற்றியது. இன்று மேடையின் இருபுறமும் வாழைத்தார்போல் தொங்கும் ஸ்பீக்கர் வரிசைகள் 1990களில் பிரான்சில் பிறந்தவை. முன்வரிசையைச் செவிடாக்காமல் கடைசி வரிசை வரை ஒலியைச் சீராகச் சேர்ப்பதில் பழைய மைக் செட் எதுவும் அவற்றின் பக்கத்தில்கூட வர முடியாது. 70களின் மைதானக் கச்சேரியில் பெரும்பாலானோர் கேட்டது குழப்படியான ஒலி. நினைவில் பொன்னாக மின்னுவதற்கு உரிய இடம், இரண்டாயிரம் மூவாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் என்பது என் கட்சி. அங்கே கிதார் பெட்டியின் ஒலி நேரடியாகவே காதுக்கு வரும், மைக் செட் குரலை மட்டும் தூக்கிப் பிடித்தால் போதும். நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அப்படிப்பட்டது. கச்சேரி ஏற்பாட்டாளர் பில் கிரஹாம் 1968இல் திறந்து 1971இல் மூடிய அந்த அரங்கில் இருக்கைகள் 2,700க்குள். ஒலி அமைத்தவர் அதே ஹான்லி. அங்கே 1971 மார்ச்சில் ஆல்மன் பிரதர்ஸ் வாசித்த பதிவைக் கேட்டால், இரண்டு கிதார்களும் இடமும் வலமுமாக நின்று பேசிக்கொள்வது துலக்கமாகத் தெரியும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு அதையும், தி ஹூ 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் வாசித்ததையும் சிபாரிசு செய்வேன். ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில் கேளுங்கள். லீட்ஸில் ஒரே கிதார், ஒரே பாஸ், ஒரே டிரம்ஸ், மேலே குரல். யார் எங்கே இருக்கிறார் என்று பழகாத காதுக்கும் பிடிபடும். இசைத்தட்டில் இடையிடையே படபடவென்று ஒரு சத்தம் வரும், அது அப்படியே இருக்கட்டும், திருத்த வேண்டாம் என்று தட்டின் லேபிளிலேயே எழுதிவிட்டார்கள். மறுநாள் ஹல் நகரில் வாசித்ததையும் பதிவு செய்தார்கள், ஆனால் முதல் சில பாட்டுகளில் பாஸ் கிதார் பதிவாகவில்லை. 2010இல் அதை வெளியிட்டபோது, லீட்ஸில் என்ட்விசில் வாசித்த பாஸை எடுத்து அந்தப் பாட்டுகளில் ஒட்டினார்கள். ஒட்டு எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எனக்குப் பிடிபடவில்லை.